திரும்பும்போது மட்டும்

"அம்மா, லைட்டு!"

மகள் சொல்லி முடிப்பதற்குள் ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது.

ஒரு நொடிக்கு முன்புவரை ஒற்றை விரலுக்குச் சுழன்ற சக்கரம், இப்போது இரண்டு கையாலும் தொங்கினாலும் அசைய மறுத்தது. டாஷ்போர்டில் ஆரஞ்சு நிறத்தில் குட்டி ஸ்டீயரிங் படம் ஒன்றும், பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் எரிந்தன. ஆச்சரியப்பட இனி என்ன இருக்கிறது? இது நான்காவது முறை.

நல்ல வேளை, பெட்ரோல் பங்க்கைத் தாண்டி வண்டி ஊர்ந்துகொண்டுதான் இருந்தது. அவள் பல்லைக் கடித்து, தோளைக் கொடுத்து இழுத்து, மூடிக் கிடந்த ஒரு டயர் கடையின் முன்னால் ஓரம்கட்டினாள். இன்ஜினை அணைத்தாள்.

மணி ஐந்து முப்பத்தைந்து. ஆறு மணிக்கு மகள் தன் அப்பா வீட்டில் இருந்தாக வேண்டும்.

ஏற்பாடு அப்படி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு அம்மா வந்து கூட்டிப்போகலாம். ஞாயிறு மாலை ஆறுக்குக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். கூட்டிக் கழித்தால் முப்பத்து மூன்று மணி நேரம். இரண்டு வீட்டுக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டர். அதற்காகவே வாங்கிய கார் இது. ஏழு வயதுப் பழசு. சாம்பல் நிறம். விற்றவர், "கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்றார். அவள் கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டியதில்தான் சிக்கல் போலிருக்கிறது.

போனை எடுத்தாள்.

"மறுபடியுமா?" என்றார் மகளின் அப்பா.

"மறுபடிதான்."

"எங்க?"

"பங்க்கைத் தாண்டி. கொஞ்சம் ஆறவிட்டு எடுத்துட்டு வரேன். ஆறரை ஆயிடும்."

ஒரு பெருமூச்சு. "பாத்து வாங்க."

கெட்டவர் இல்லை. கவனமானவர். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ரகம். அந்தக் கவனம் பூட்டின் மேல் இருந்த அளவுக்குப் பெண்டாட்டியின் மேல் இல்லை என்பது பழைய கதை. இப்போது எதற்கு?

முதல் தடவை இறுகியபோது மெக்கானிக் போனில், "அரை மணி நேரம் ஆறவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அரை மணி நேரம். கார்க் கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு, அம்மாவும் மகளும் டயர் கடைப் படியில் உட்கார்ந்தார்கள்.

இங்கேதான் அந்த வினோதம் நடக்கும்.

பன்னிரண்டு வயது மகள், ஞாயிற்றுக்கிழமை விடிந்தாலே ஊமையாகிவிடுவாள். கேட்டதற்கெல்லாம் "ம்", "தெரியல", "சும்மா." ஆனால் கார் நின்றுவிட்டால் போதும், குழாய் திறந்துகொள்ளும்.

"அம்மா, எங்க கிளாஸ்ல ரெட்டை ஜடை இருக்கால்ல? அவ என்கூடப் பேசறதில்ல."

"எந்த ரெட்டை ஜடை? பொறந்த நாளுக்கு வந்து கேக்கை மூக்கால தின்னாளே, அவளா?"

மகள் சிரித்தாள். "அவளேதான். இப்ப அவ வேற குரூப்."

"அப்ப நீ யார்கூட?"

"நான் ஜன்னலோரம் உக்காந்துக்குவேன். அங்கேருந்து பாத்தா கிரவுண்டு தெரியும்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். முப்பத்து மூன்று மணி நேரத்தில் வராத ஒரு வார்த்தை, இந்த அழுக்குப் படியில் வருகிறது. மகள் மெல்லச் சாய்ந்து, தலையை அவள் தோளில் வைத்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்த தலை. இந்த வாசனை நாளைக்குத் தலையணையில் பாதி இருக்கும். புதன்கிழமைக்குள் போய்விடும்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை அவள் தனக்குள்ளேயே ஒப்புக்கொண்டாள். அந்த ஆரஞ்சு விளக்கு எரிந்தபோது அவளுக்கு முதலில் வந்தது பயம் அல்ல. அப்பாடா என்று இருந்தது.

ஆறே முக்காலுக்கு அப்பா வீட்டு கேட்டில் போய் நின்றபோது அவர் தயாராக இருந்தார். மகளை உள்ளே அனுப்பிவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"இது நாலாவது தடவ. நான் சண்டைக்கு வரல. ஆனா ஏன் இறுகுதுன்னே தெரியாத வண்டியில எம்பொண்ணு ஏறக்கூடாது."

"மெக்கானிக்கிட்ட ரெண்டு தடவ விட்டுட்டேன். ஒண்ணும் இல்லைங்கறாரு."

"ஒண்ணும் இல்லைங்கறதுதான் எனக்குப் பயம். காரணம் என்னன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும். அடுத்த தடவைக்கு முந்தின வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துட்டா சரி. இல்லேன்னா நானே ஞாயித்துக்கிழமை மத்தியானம் கூட்டிட்டு வரேன். மூணு மணி நேரம் இருக்கட்டும். நானே கூட்டிட்டுப் போயிடறேன்."

முப்பத்து மூன்று, மூன்றாகிவிடும். சனிக்கிழமை இரவு போய்விடும். பாதித் தூக்கத்தில் காலைத் தூக்கி அம்மா மேல் போடும் அந்த ஒரே ஓர் இரவு.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் ஆத்திரமாக இருந்தது.

*

மெக்கானிக்குக்குத் தெருவே வைத்த பெயர் சைலன்சர். வாய் ஓயாது என்பதால். கணக்கு மேசையில் உட்கார்ந்து, வரும் வண்டிகளின் குறைகளை அட்டையில் எழுதுவது அவர் மனைவி. இதற்கு முன்பு காரை விட்ட இரண்டு முறையும் மகளின் அம்மா வேலைக்குப் போகிற அவசரத்தில் சாவியை மேசையில் வைத்து, குறையைச் சொல்லிவிட்டு ஓடியிருந்தாள். சைலன்சரை நேருக்கு நேர் பிடிப்பது இன்றுதான். வியாழக்கிழமை. கெடு நாளைக்கு முடிகிறது; காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும் என்று வந்ததுமே மேசையில் சொல்லிவிட்டாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள் அவள். மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தியாகம் செய்துவிட்டு வந்திருந்தாள்.

"வாங்க மேடம்! என்ன அவமானப்படுத்தறதுக்குன்னே வாங்கின வண்டியா இது?" சைலன்சர் கையைத் துடைத்தபடி வந்தார். "உங்க வண்டிய நான் திருப்பாத திருப்பம் பாக்கி இல்ல. இடது, வலது, யூ டர்ன். ரவுண்டானால பத்து சுத்து சுத்தினேன். டிராபிக் போலீஸ்காரரு, 'என்னண்ணே, வழி தெரியலையா?'ன்னு கேட்டுட்டாரு. எனக்குத் தலை சுத்துச்சே தவிர, ஸ்டீயரிங்கு வெண்ணெய் மாதிரி போவுது."

"எனக்கு இறுகுதேண்ணே."

"அட்டையில அப்படித்தான் இருக்கு. 'திரும்பும்போது ஸ்டீயரிங் இறுகுகிறது.' சரி, எந்தப் பக்கம் திரும்பறப்ப?"

"அவங்கப்பா வீட்டுப் பக்கம்."

சைலன்சர் வாயடைத்துப் போனார். அந்தப் பட்டறையில் அது அபூர்வக் காட்சி.

"மேடம், நான் கேட்டது இடதா, வலதா?"

"இடது வலதுன்னு இல்ல. திரும்பறப்ப. சனிக்கிழமை வரப்ப ஒண்ணும் ஆகறதில்ல. ஞாயித்துக்கிழமை திரும்பறப்பதான்."

மேசையிலிருந்து பேனா விழுந்த சத்தம் கேட்டது.

"அட என் மனுஷா!" என்றார் சைலன்சரின் மனைவி. "அவங்க வளையறதச் சொல்லலைங்க. திரும்பிப் போறதச் சொல்றாங்க!"

"நீதானடி எழுதின?"

"அவங்க சொன்னத எழுதினேன். படிச்சது நீங்க!"

"மூணு வாரமா ரவுண்டானாவச் சுத்தியிருக்கேன்..."

"நல்லதுதான். தொப்பை குறைஞ்சிருக்கும்."

கணவனை விட்டுவிட்டு அந்த அம்மாள் இவளைப் பார்த்தார். குரல் இறங்கியது. "ஏம்மா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்லேருந்து பொண்ணு அங்க போறதப் போய் ஏன் திரும்பறதுன்னு சொல்றீங்க?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். கோர்ட்டுத் தாளில் அப்படித்தான் இருந்தது. தாளிலிருந்து அது எப்போது தன் வாய்க்குள் குடியேறியது என்று யோசித்தாள்.

"வாயில வந்துடுச்சு," என்றாள் கடைசியில்.

சைலன்சருக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. புது உற்சாகத்தில் காரைச் சுற்றி வந்தார். "அதே வண்டி. அதே ரோடு. அதே டிரைவர். வரப்ப நல்ல புள்ள, போறப்ப அடங்காப்பிடாரி. என்ன வித்தியாசம் மேடம்? யோசிச்சுச் சொல்லுங்க."

தினமும் நாற்பது பேரிடம் அவள் கேட்கும் கேள்விதான் இது. ஒரு கண்ணாடி வில்லையைச் செருகி, அடுத்ததைச் செருகி, "இதுல தெளிவா இருக்கா, அதுலயா?" ஜனங்கள் தடுமாறும்போது, கண் முன்னால் இருப்பதைச் சொல்ல இவ்வளவு யோசனையா என்று எரிச்சல் வரும். இப்போது அவளே தடுமாறினாள்.

"பொண்ணுதான் வித்தியாசம்," என்றாள்.

"ரெண்டு தடவையும் பொண்ணு வண்டிலதான இருக்கா?"

"இருக்கா. ஆனா வேற மாதிரி இருப்பா."

"எப்படின்னு உக்காந்து காட்டுங்க."

அவள் பக்கத்து சீட்டில் ஏறினாள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டாள். "வரப்ப இப்படி. வாய் ஓயாது. உங்களுக்குத் தங்கச்சியா இருக்கலாம்."

"போறப்ப?"

"போறப்ப..." அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். காலை நீட்டி, டாஷ்போர்டுக்கு அடியில் இருட்டாக இருந்த மூலையில் பாதத்தை ஊன்றினாள்.

மகளின் இடத்தில் மகளாக உட்கார்ந்திருந்தாள். இங்கிருந்து பார்த்தால் ஓட்டுகிறவளின் முகம் தெரியவில்லை. ஜன்னலில் அதன் நிழல் மட்டும் தெரியும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த நிழலைப் பார்த்துக்கொண்டே போயிருப்பாள்?

சைலன்சர் இன்ஜினைப் போட்டார். "காலை அசைச்சுப் பாருங்க. இன்னும் உள்ள. இன்னும்..."

பாதத்தின் கீழே ஏதோ 'டிக்' என்றது.

ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

"மாட்டிக்கிச்சு!" சைலன்சர் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கல். "இறங்குங்க, இறங்குங்க!"

அவர் மண்டியிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, தரைவிரிப்பை விலக்கினார். பின்னால் ஒரு பிளாஸ்டிக் மூடி. அதற்கும் பின்னால், ஸ்டீயரிங்குக்கு பலம் தருகிற மோட்டாருக்குப் போகும் வயரின் பிளக். அதைப் பிடித்து வைக்கும் கொக்கி உடைந்திருந்தது.

"பழைய ஓனர் அலாரம் மாட்டறேன்னு நோண்டியிருக்கான். கொக்கி போச்சு. அமுக்கினா தொடர்பு அறுந்துடும். இன்ஜின அணைச்சுப் போட்டாத்தான் மறுபடி உயிர் வரும். ஆறவிடவே வேணாம், நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்." சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார். டார்ச்சை அருகே கொண்டுபோனார். "ஆனா மேடம்..."

"என்னண்ணே?"

"இந்த மூடி தானா கழண்டது இல்ல. நாலு கிளிப்பும் நிதானமா எடுத்து ஓரமா வெச்சிருக்கு. பிளக்குல பாருங்க, ஒரே இடத்துல தேஞ்சிருக்கு. சும்மா கால் பட்டா இந்த இடத்துல படாது. இத்தன வயர்ல இத மட்டும் கால் கட்டை விரலால தேடிப் புடிச்சு அமுக்கணும்."

அவளுக்குப் புரிய இரண்டு விநாடி ஆயிற்று.

"இன்னொண்ணு கேக்கறேன். வேகமாப் போறப்ப ஒரு தடவையாவது இறுகியிருக்கா?"

பங்க் வாசல். சிக்னல். பள்ளம் தோண்டியிருந்த தெரு. மறுபடியும் பங்க். நான்கும் வண்டி ஊர்ந்துகொண்டிருந்த இடங்கள்.

"இல்ல," என்றாள். கார் சீட்டின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் வந்தது கோபம். "ஏதாவது ஆகியிருந்தா? இவளுக்கு மூளை எங்க போச்சு?"

"ஆகக்கூடாதுன்னு பாத்துப் பாத்துதான் அமுக்கியிருக்கா," என்றார் சைலன்சர் மெதுவாக. "ஆனா பின்னால வர லாரிக்கு அது தெரியாது மேடம். இன்னிக்கே மூடி திருகிடறேன்."

கோபத்துக்கு அடியிலிருந்து இன்னொன்று கிளம்பியது. அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்காக ஒரு குழந்தை, இருட்டு மூலையில் வயர்களுக்கு நடுவே கட்டை விரலால் தேடியிருக்கிறாள். இந்தப் பக்கம், எதுவும் தெரியாமல், அதே அரை மணி நேரத்துக்காக ஸ்டீயரிங் இறுகாதா என்று ஒருத்தி ஏங்கியிருக்கிறாள். பக்கத்துப் பக்கத்து சீட்டில்.

சைலன்சரின் மனைவி ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "காரணம் எழுதணும்னீங்களே. 'தரையடி பிளக்கின் கொக்கி உடைந்ததால், கால் அழுந்தும்போது தொடர்பு அறுந்தது.' சரியா?"

அவள் மேசையை நெருங்கினாள். "கால்னு எழுதணுமா?"

பேனா நின்றது.

"காரணம் என்னன்னு கேட்டிருக்காரு. கால்தான் காரணம். யார் காலுன்னு கேக்கலையே." அந்த அம்மாள் குனிந்து தொடர்ந்தார். 'புதிய பிளக் மாற்றப்பட்டது. மூடி திருகி இறுக்கப்பட்டது. வண்டி ஓட்டத் தகுந்தது.'

கீழே சைலன்சர் கையெழுத்துப் போட்டார். எண்ணெய்க் கைரேகையும் சேர்ந்து விழுந்தது. தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். பதினைந்து நிமிடம் கழித்து மகளின் அப்பாவிடமிருந்து பதில் வந்தது.

'சரி. சனிக்கிழமை ஒன்பது மணி.'

*

சனிக்கிழமை போயிற்று. மகளிடம் கேட்டுவிட வேண்டும் என்று காலையில் நினைத்தாள், மத்தியானம் நினைத்தாள், ராத்திரி அந்தக் கால் வந்து மேலே விழுந்தபோதும் நினைத்தாள். கேட்டால் அழுவாள். கேட்காவிட்டால் மறுபடி எதையாவது தேடுவாள்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். பை மடியில். முகம் ஜன்னலில்.

பங்க் வந்தது. முன்னால் ஒரு பஸ், வண்டிகள் ஊர்ந்தன. அவள் சாலையைப் பார்த்தபடி, ஓரக் கண்ணால் கீழே பார்த்தாள்.

மகளின் கால் நகர்ந்தது. மூலைக்குப் போனது. அழுத்தியது.

ஒன்றும் ஆகவில்லை.

மறுபடி அழுத்தியது. கொஞ்சம் வலுவாக. மகள் டாஷ்போர்டை ஒரு பார்வை பார்த்தாள். ஆரஞ்சு இல்லை. மூன்றாவது முறை முழங்கால் நடுங்கும் அளவுக்கு உதைத்தாள். பிறகு கால் தானாகப் பின்னால் வந்துவிட்டது.

"வண்டி சரியாயிடுச்சாம்மா?"

"ஆயிடுச்சு."

"நல்லாவா?"

"நல்லா."

"ஓ," என்றாள் மகள். இரண்டு கையாலும் பையை இறுக்கிக்கொண்டாள்.

அவ்வளவுதான். அந்த 'ஓ'வை அம்மாவால் தாங்க முடியவில்லை. பஸ் நகர்ந்து, முன்னால் சாலை காலியாகக் கிடந்தது. ஆறுக்கு ஐந்து நிமிடம் முன்னாடியே போய்ச் சேர்ந்துவிடலாம். அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள், இண்டிகேட்டரைப் போட்டாள், பட்டுப் போல் திரும்பிய ஸ்டீயரிங்கைத் திருப்பி, ஒரு மரக்கடைச் சுவரோரம் வண்டியை நிறுத்தினாள்.

மகள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "லைட் வரலையேம்மா!"

"வரல. இனிமே வராது."

"அப்புறம் ஏன்..."

"கட்டை விரல் வலிக்குதா?"

மகளின் முகம் வெளுத்துவிட்டது. உதடு கோணியது. "நான்... மெதுவாப் போறப்ப மட்டும்தாம்மா. சத்தியமா. வேகமாப் போறப்ப கால மேல தூக்கி வெச்சுக்குவேன்."

"இன்னொரு தடவ வண்டில எதையாவது தொட்டே, கொன்னுடுவேன்." அவள் குரல் உடைந்தது. "வேணும்னா வாயத் தொறந்து கேக்கக் கூடாதாடி?"

"கேட்டா ரெண்டு பேரும் சண்டை போடுவீங்க."

அம்மா பதிலுக்குப் போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டு, கியருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன, நின்னுடுச்சா?" மகளின் அப்பா முதல் மணியிலேயே எடுத்தார்.

"இல்ல. வண்டி நல்லா இருக்கு. நான்தான் நிறுத்தினேன்."

"ஏன்?"

அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். சாக்கு எதுவும் மிச்சமில்லை. ஒரு பஞ்சர்கூட இல்லை.

"எங்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேணும். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

அவர் வீட்டுக் கடிகாரம் டிக் டிக் என்பது காருக்குள் கேட்டது. மகள் மூச்சு விடவில்லை.

"எவ்வளவு நேரம்?" என்றார்.

"ஏழு?" என்றாள் அவள்.

"எட்டு," என்றாள் மகள், போனைப் பார்த்து.

"நாளைக்கு ஸ்கூல் இருக்கு."

"ஏழே முக்கால்."

"ஏழரை. ஹோம்வொர்க் முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு."

"காய்கறிக் கடை மாதிரி பேரம் பேசாத. ஏழரை. ரோட்டோரமா நிக்காதீங்க. எங்கயாவது உள்ள போய் உக்காருங்க."

"சரிங்க," என்றாள் அவள்.

ஏழரைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அதற்கு அப்புறம் பதின்மூன்று நாள். இருவரும் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.

"புதன்கிழமை எனக்கு மூணு மணிக்கே ஸ்கூல் விட்டுடுவாங்க," என்றாள் மகள், பொதுவாக, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

அம்மா போனைப் பார்த்தாள். திரையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் இன்னும் வைக்கவில்லை.